சின்னவனுக்கு ஒரு சொட்டு

வாடகைக்கு அறை கேட்டு நான் அந்த வீட்டுக் கதவைத் தட்டியபோது, திறந்தவர் என்னோடு பேசவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, சுவரோரம் நின்றுகொண்டிருந்த ஒரு பொம்மை ரயிலிடம் பேசினார்.

"சின்னவனே, மாடி ரூமுக்கு ஆள் வந்திருக்கு. படிச்ச பையன் மாதிரி தெரியுது. உங்கம்மாகிட்ட சாவி வாங்கிட்டு வா."

சொல்லிவிட்டுச் சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினார். லிஃப்ட்டில் இருக்குமே, அழுத்தினால் சிவப்பாக எரியும் வட்டப் பொத்தான், அதேதான். உள்ளங்கை நீளமே இருந்த பச்சை என்ஜின் ஒன்று, பின்னால் மூடியில்லாத ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு கிளம்பியது. சுவரோடு சேர்த்து இடுப்பு உயரத்தில் அடித்திருந்த பலகையின் மேல் அதற்குத் தண்டவாளம். அறையின் மூலை வரை ஓடி, நடுச்சுவரில் குடைந்திருந்த ஓட்டைக்குள் புகுந்து மறைந்தது. அந்தப் பக்கம் 'டிங்' என்று லிஃப்ட் மணி அடித்தது.

தையல் மெஷின் சத்தம் நின்றது. ஒரு பெண் குரல் வந்தது.

"படிச்சவன்னு மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கான்னு கேளுடா சின்னவனே. சர்ட்டிபிகேட் இருந்தா அனுப்பச் சொல்லு."

இவ்வளவுக்கும் அந்த இரண்டு அறைக்கும் நடுவே ஒரு திறந்த வாசல் இருந்தது. கதவுகூடக் கிடையாது. கழுத்தை நீட்டினால் அந்த அம்மாவின் முழங்கை எனக்குத் தெரிந்தது.

பையிலிருந்து என் பட்டச் சான்றிதழின் நகலை எடுத்துச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தேன். எங்கள் வம்சத்திலேயே கல்லூரி வாசலை மிதித்து, பட்டத்தோடு வெளியே வந்த முதல் ஆள் நான். எங்கள் ஊரில் அந்தத் தாளைக் கை கழுவித் துடைத்துவிட்டு வந்துதான் வாங்கிப் பார்த்தார்கள். இங்கே அது பொம்மை ரயிலேறி ஓட்டைக்குள் போயிற்று. திரும்பி வந்தபோது கூடவே சாவி இருந்தது.

"செடி கொடியப் பத்திப் படிச்சிருக்கானாம். மாடித் தொட்டிங்களுக்கு ஒரு விடிவுகாலம் வந்துச்சுன்னு சொல்லு."

அதைக் கேட்டபின்தான் வீட்டுக்காரர் என்னிடம் நேராகப் பேசினார். "வா தம்பி. டிகிரி படிச்ச ஆள் வீட்டுல இருக்கிறது நல்லது. சின்னவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா கேட்டுக்கலாம்."

"சார், நான் படிச்சது தாவரவியல்."

"படிப்பு படிப்புதானே தம்பி."

வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. கூட வேலை செய்கிறவர்கள் அவரைச் 'சொட்டு' என்பார்கள். இளவட்டங்கள் மரியாதையாகச் 'சொட்டு சார்' என்பார்கள். புதிதாக வந்த பையன் எவனாவது எண்ணெய்க் குப்பியைச் சாய்த்துவிட்டால் போதும், அவருக்கு உடம்பெல்லாம் பதறும். "டேய், எண்ணெய் ஊத்தறவன் சமையக்காரன். எண்ணெய் வைக்கிறவன்தான் மெக்கானிக். ஒரு சொட்டு. அதுக்கு மேல விட்டா அது மெஷினுக்கு இல்ல, தூசிக்கு விருந்து" என்பார். அவர் பராமரித்த லிஃப்ட்டில் ஏறினால் ஏறியதே தெரியாது, இறங்கும்போது அடுத்தவர் சொல்லித்தான் தெரியும் என்று அவரே பெருமையடிப்பார். நானும் ஒருமுறை ஏறிப் பார்த்தேன். கொஞ்சம் ஆடத்தான் செய்தது. சொல்லவில்லை.

இன்னொரு விஷயத்திலும் அவருக்குப் பேர் உண்டு. லிஃப்ட்டில் யாராவது மாட்டிக்கொண்டால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். திறப்பதில் கெட்டிக்காரர் என்பதற்காக அல்ல, பேச்சுக்காக. இரண்டு மாடிக்கு நடுவே தொங்குகிறவரிடம் கதவிடுக்கில் வாயை வைத்து, கடைசிவரை விடாமல் பேசுவார். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள், செருப்பு எங்கே வாங்கினீர்கள் என்று எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார். "நடுவுல மாட்டிக்கிட்டவங்ககிட்ட பேச்சை விடக் கூடாது தம்பி. பேச்சு நின்னா பயம் வந்துடும்" என்பார். அப்படி அவரோடு பேசிப் பிழைத்த ஒரு பொம்மைக் கடைக்காரர், கடையை மூடும்போது நன்றிக்காகக் கொடுத்துவிட்டுப் போனதுதான் இந்தப் பச்சை என்ஜின்.

இப்படி ஊராரிடம் எல்லாம் பேசியே பேர் வாங்கிய மனிதர், சொந்தப் பெண்டாட்டியோடு பேசிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன.

சண்டைக்கும் எண்ணெய்தான் காரணம். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், தையல்காரர். அவருக்கும் எண்ணெயோடு தினசரிப் பழக்கம். ஆனால் அவர் கை தாராளம். மெஷினுக்கு 'டக் டக் டக்' என்று குப்பியை அமுக்குவார், பிறகு பழைய துணியை ஓட்டி மிச்சத்தை எடுத்துவிடுவார். ஒருநாள் ஒரு டாக்டரம்மாவின் வெள்ளை கோட் வெட்டு மேஜையில் விரித்துக் கிடந்தது. அதன் மார்புப் பக்கம் ஒரு எண்ணெய்ச் சொட்டு. மேஜையின் இந்த முனையில் இவருடைய என்ஜின் கழற்றிக் கிடந்தது. அந்த முனையில் அக்காவுடைய மெஷின்.

"உங்க பொம்மையிலேர்ந்துதான் விழுந்துச்சு" என்றார் அக்கா.

"என் சொட்டு விழாது. வச்ச இடத்துல நிக்கும். இது ஊத்தின எண்ணெய். உனக்கு எண்ணெய் விடத் தெரியாதுன்னு கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேன்."

ஒரு தையல்காரியைப் பார்த்து எண்ணெய் விடத் தெரியாது என்று சொல்லலாமா? அதுவும் டாக்டரம்மா கோட்டுக்காக வாசலில் நிற்கும்போது?

"இதோட பேச்சை நிறுத்துங்க" என்றார் அக்கா.

"நிறுத்திட்டேன்" என்றார் அவர். நிறுத்திவிட்டார்.

ஆனால் குடும்பம் என்றால் சாவி வேண்டும், மூக்குக் கண்ணாடி வேண்டும், கேஸ் தீர்ந்த செய்தி போக வேண்டும். பேசாமல் இருப்பதற்கே ஆயிரம் பேச வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் வேலை செய்த இடத்தில் கழித்துப் போட்ட லிஃப்ட் பொத்தான்களையும் மணிகளையும் கொண்டுவந்தார். சுவரைக் குடைந்தார். பலகை அடித்தார். இந்தப் பக்கம் அழுத்தினால் அங்கே போகும், அந்தப் பக்கம் அழுத்தினால் இங்கே வரும். பின்னறை பிற்பாடு கட்டியது, தரை ஒரு படி உயரம். இரண்டு அறையிலும் தரையிலிருந்து இடுப்பு உயரம் என்று அளந்து அடித்துவிட்டார். அதனால் சுவருக்குள்ளே தண்டவாளம் மேடேறியது. அந்த ஓட்டைக்கு வீட்டில் 'குகை' என்று பெயர். என்ஜினுக்குச் 'சின்னவன்'. வெளியூரில் வேலையிலிருக்கும் மகன் பெரியவன். அவன் போன் செய்தால் முதலில் கேட்பது, "என் தம்பி எப்படிம்மா இருக்கான்? சக்கரம் எல்லாம் சௌக்கியமா?"

பேச்சுக்குச் சட்டம் ஒன்று இருந்தது. சின்னவனிடம் சொன்னது சுவர் தாண்டி எவ்வளவு தெளிவாகக் காதில் விழுந்தாலும் விழாத மாதிரி இருக்க வேண்டும். வண்டி வந்து மணி அடித்த பிறகுதான் கேட்டதாகக் கணக்கு. ஒருநாள் அக்காவின் இரண்டு கையும் ஒரு வாடிக்கையாளரின் இடுப்பளவில் மாட்டியிருந்தது. "சின்னவனே, அடுப்புல டீ பொங்குதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்று கத்திவிட்டு முழங்கையால் பொத்தானை அழுத்தினார். வீட்டுக்காரர் முன்னறை நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, ஓட்டப் பந்தயத்துக்கு நிற்கிறவர் போலக் காத்திருந்தார். டீ பொங்கும் வாசனை முன்னறைக்கே வந்துவிட்டது. சின்னவன் நிதானமாக வந்து சேர்ந்தான். 'டிங்'. அவர் எழுந்து பாய்ந்தார். அடுப்பைத் துடைக்க அன்று நானும் போனேன்.

பழகப் பழக அது எல்லாருக்கும் பழகிவிட்டது. தண்ணீர் கேன் போடுகிறவர், "சின்னவனே, ரெண்டு வச்சிருக்கேன், பழசை எடுத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னவனுக்குப் பராமரிப்பு. முன்னறை மேஜையில் பேப்பர் விரித்து, பஞ்சு மெத்தைத் துண்டில் பள்ளம் வெட்டி, அதில் அவனை மல்லாத்திப் படுக்க வைப்பார். அடிமூடியைக் கழற்றினால் உள்ளே மோட்டாரும் பித்தளைத் திருகும் அதோடு கோத்த பிளாஸ்டிக் பல்சக்கரங்களும் தெரியும். காது குடைகிற பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்துப் பழைய பிசுக்கை எடுப்பார். பல்சக்கரத்துக்குக் குச்சி நுனியில் கடுகளவு கிரீஸ். அச்சு முனைகளுக்குத்தான் எண்ணெய். அதற்கு அவர் வைத்திருந்த கருவி அக்காவின் தையல் ஊசி. ஊசியின் காதை எண்ணெயில் தோய்த்தால் காதுக்குள் ஒரு சொட்டு நிற்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை அச்சில் தொட வைப்பார். எண்ணெய் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். "பாத்தியா, கேட்டு வாங்கிக்கிறான்" என்பார். பின் சக்கரங்களில் இரண்டுக்கு வழுக்காமல் பிடிக்க மெல்லிய ரப்பர் வளையம் உண்டு. "இதுல மட்டும் எண்ணெய் படவே கூடாது தம்பி. பட்டா ஊதிக்கும். ஊதினா கழண்டுக்கும். அப்புறம் ஐயா அங்கேயே நின்னு டான்ஸ் ஆட வேண்டியதுதான்."

பின்னறையிலிருந்து குரல் வரும். "சின்னவனே, என் ஊசி எங்கன்னு கேளு."

சின்னவன் மல்லாந்து கிடப்பான். ஆகவே அவன் பூட்டப்படும் வரை கேள்வி போய்ச் சேராது. ஊசியைத் துடைத்து அவனிலேயே வைத்து அனுப்பிவிடுவார்.

இப்படியே போயிருக்கும், சித்தி வராமல் இருந்திருந்தால். அதாவது அக்காவின் தங்கை. சின்னவனுக்குச் சித்தி என்பதால் நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். வங்கியில் அதிகாரி. தனி ஆள், பெரிய வீடு, சொந்தக் கார். வந்து ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தார். சின்னவன் போனான், வந்தான். சித்தி காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அக்கா, இது குடித்தனமா, ரயில்வே ஸ்டேஷனா? பேசாம என்கூட வந்துடு. முன் ரூமைக் கடையா மாத்தித் தர்றேன். அங்க மனுஷங்க மனுஷங்களோட பேசுவாங்க."

அக்கா மெஷினை நிறுத்தினார். முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரின் பேப்பர் அசையாமல் நின்றது. போகாதே என்று ஒரு வார்த்தை வரும் என்று அக்கா காத்திருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது. வரவில்லை. சட்டப்படி வரவும் முடியாது. யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லையே.

"சரி" என்றார் அக்கா, சற்று உரக்க. "சின்னவன் சக்கரம் சுத்துற வரைக்கும் நான் இங்க. என்னைக்கு அவன் சக்கரம் நிக்குதோ, அன்னைக்கு இந்த வீட்டுல எனக்குப் பேச ஆளில்லைன்னு ஆயிடும். அன்னைக்கே உன்கூட வந்துடறேன்." பிறகு பொத்தானை அழுத்தினார். "சின்னவனே, இதை உங்கப்பாகிட்டயும் சொல்லிடு."

'டிங்' அடித்த பிறகு வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். "சின்னவன் நிக்க மாட்டான்னு சொல்லு" என்றார்.

சித்தி சிரித்தார். "சரி மாமா. அடுத்த மாசம் வர்றேன். வண்டிய நான் பாக்கணும். அக்கா, எதுக்கும் பெட்டிய எடுத்து வை."

அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கம் போயிற்று. லிஃப்ட் வேலையில் கவனமில்லை என்று புகார் வந்தது. வீட்டுக்கு வந்தால் சின்னவனின் மேல் காதை வைத்துக் கேட்பார். "தம்பி, சத்தம் கொஞ்சம் கரகரன்னு இல்ல?" எனக்கு எப்போதும் போலத்தான் கேட்டது. ஒரு நாள் காலையில் நான் செருப்பு மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். சொட்டு சார் ஊசியை எடுக்கவில்லை. குப்பியையே சாய்த்தார். ஒருமுறை. பிறகு, யோசித்து, இன்னொருமுறை.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். திருட்டில் பிடிபட்டவர் போல முகம் வெளுத்தது.

"தம்பி, எதையாவது பாத்தியா?"

"இல்ல சார்."

"படிச்சவன் படிச்சவன்தான்" என்று என் தோளைத் தட்டினார். தட்டிய இடத்தில் சட்டையில் எண்ணெய்.

அந்த வாரமே எனக்கு ஒரு விடுமுறை வந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று தைக்கப் பின்னறைக்குப் போனேன். அக்கா சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு, மெஷின் எண்ணெய்க் குப்பியால் 'டக் டக் டக்' என்று அவன் வயிற்றில் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா!"

"கத்தாத. இந்த மனுஷன் ஒரு சொட்டுக்கு மேல விட மாட்டார். கஞ்சத்தனம். புள்ள வயிறு காஞ்சு கிடக்கான், மேடேற முடியல."

"நீங்க போகணும்னுதானே அக்கா..."

"ஜம்பமா சொல்லிட்டேன் தம்பி, தங்கச்சி முன்னாடி. வாய்ல வந்துடுச்சு. இப்ப எப்படி மாத்திச் சொல்றது? இவன் ஓடினாத்தான் நான் இங்க இருக்க முடியும்." மறுபடி ஒரு 'டக்'. "வெளிய சொல்லிடாத. படிச்ச பையன் நீ."

இரண்டு பேரும் நம்பிச் சொன்ன ரகசியம். இரண்டும் ஒரே ரகசியம். வாயைத் திறந்தால் ஒருவரையாவது காட்டிக் கொடுத்தாக வேண்டும். என் படிப்பைப் பயன்படுத்திச் சூசகமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"சார், தண்ணி அதிகமானா செடிக்கு வேர் அழுகிடும். எதுவுமே அளவா இருக்கணும்."

"செடிக்கு யாராவது எண்ணெய் விடுவாங்களா தம்பி?" என்றார் அவர்.

அக்காவிடம் அதையே சொன்னேன். "ஓ, அதனாலதான் மாடித் தொட்டியெல்லாம் காயப் போட்டு வச்சிருக்கியா?" என்றார்.

தாவரவியல் அதோடு முடிந்தது.

சின்னவன் பெருத்துவிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். எண்ணெய் வழிந்து தண்டவாளமெல்லாம் மினுமினுத்தது. பின்னறையில் பறக்கும் நூல் பிசிறு எல்லாம் அந்த எண்ணெயில் ஒட்டி, அச்சைச் சுற்றிக் கறுப்புத் தாடி முளைத்தது. குகை மேட்டில் ஏறும்போது முனகினான். அந்த முனகல் கேட்கக் கேட்க முன்னறையில் ஒரு குப்பி சாய்ந்தது, பின்னறையில் ஒரு குப்பி அமுங்கியது. ஞாயிற்றுக்கிழமைப் பராமரிப்பும் நின்றுவிட்டது. கழற்றினால் திரும்பப் பூட்டும் வரை சக்கரம் நின்றதாக ஆகிவிடுமோ என்று அவருக்குப் பயம்.

சித்தி சொன்ன மாதிரியே வந்தார். காரை வாசலில் திருப்பி நிறுத்தினார். அக்காவின் பெட்டி வாசலருகே இருந்தது. ஒரு பேச்சுக்காக எடுத்து வைத்தது. சித்தி அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. டிரைவரிடம் கண்ணைக் காட்டினார், பெட்டி டிக்கிக்குள் போய்விட்டது.

"எங்க மாமா, ஓட்டுங்க பாப்போம்."

வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அதிகாரிகள் லிஃப்ட் சோதனைக்கு வரும்போது போடுகிற சட்டை. அக்கா பின்னறையில் மெஷின் முன்னால் தைக்காமல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் சின்னவனின் பெட்டியில் அக்காவின் ஊசியை வைத்தார். பொத்தானை அழுத்தினார்.

சின்னவன் கிளம்பினான். மூலை வரை வழுக்கி வழுக்கிப் போனான். குகைக்குள் நுழைந்தான். எல்லாரும் அந்தப் பக்கத்து மணிக்காகக் காத்திருந்தோம்.

மணி அடிக்கவில்லை. குகைக்குள்ளிருந்து 'விர்ர்ர்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

வீட்டுக்காரர் இந்தப் பக்கத்து ஓட்டையில் கையை விட்டார். அதே நேரம் அக்கா எழுந்து ஓடி, அந்தப் பக்கத்து ஓட்டையில் கையை விட்டார். சுவர் நல்ல கனம். இரண்டு பேர் கையும் முழங்கை வரை உள்ளே.

"விடுங்க!" என்றது பின்னறை.

"நீ விடு!" என்றது முன்னறை.

"நான் புடிச்சிருக்கேன், இழுக்காதீங்க!"

"நீ புடிச்சிருக்கிறது என் விரலு!"

நான் வாசலில் நடுவே நின்றேன். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பார்க்க முடிந்தவன் நான் மட்டும்தான். இரண்டு பேரும் கன்னத்தைச் சுவரில் ஒட்டி, ஒரே சுவரைக் கட்டிப் பிடித்த மாதிரி நின்றார்கள். கைகளை வெளியே எடுத்தபோது இரண்டு கையிலும் முழங்கை வரை எண்ணெய் வழிந்தது. ஒருவர் கையை ஒருவர் வாசல் வழியே பார்த்தார்கள்.

"இவ்ளோ எண்ணெய் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று அவர் கேட்டார். சின்னவனிடம் அல்ல.

"நீங்கதானே தினமும் வைப்பீங்க, ஒரு சொட்டு! இதுதான் உங்க ஒரு சொட்டா?"

"நான் கொஞ்சம்... அது கொஞ்சம்தான்! நீ எவ்ளோ விட்ட?"

"நான் ஏன் விடப்போறேன்?"

"இது மெஷின் எண்ணெய் வாசனை! எனக்குத் தெரியாதா?"

"ஆமா விட்டேன்! நீங்க பட்டினி போட்டா நான்தானே பாக்கணும்!"

"பட்டினியா? உனக்கு எண்ணெய் விடத் தெரியாதுன்னு..."

"சொல்லுங்க, சொல்லுங்க, அந்தக் கோட் கதையச் சொல்லுங்க!"

சொன்னார். அக்காவும் சொன்னார். வருஷக்கணக்கில் சின்னவனில் ஏற்ற முடியாத பெரிய பெரிய விஷயங்கள் எல்லாம் அன்று நேராக வந்து விழுந்தன. பெரியவனுக்குக் காய்ச்சல் வந்தபோது யார் தூங்கினார்கள், மாமியார் வீட்டில் யார் முகம் கொடுத்துப் பேசவில்லை, டாக்டரம்மா முன்னால் யார் யாரை என்ன சொன்னார்கள். இரண்டு பேர் முகமும் சிவந்து, நன்றாகச் சாப்பிட்டு எழுந்தவர்கள் மாதிரி இருந்தது.

சித்தி கை தட்டினார். "போதும். பேசிட்டீங்க. சட்டமும் போச்சு, வண்டியும் போச்சு."

"இது பேச்சில்ல" என்றார் வீட்டுக்காரர்.

"சண்டை" என்றார் அக்கா. "சண்டை கணக்குல வராது."

"சரி, வராட்டிப் போகட்டும். வண்டி நின்னுடுச்சு. கிளம்பு."

வீட்டுக்காரர் நெற்றியை எண்ணெய்க் கையாலேயே துடைத்துக்கொண்டார். ஒரு வார்த்தைக்காக வாய் திறந்து, திறந்தபடியே நின்றது. அந்த அமைதியில்தான் எல்லாருக்கும் அது மறுபடி கேட்டது. குகைக்குள்ளிருந்து, 'விர்ர்ர்ர்'.

அக்கா குனிந்து ஓட்டைக்குள் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"சக்கரம் நின்னா வர்றேன்னுதானே சொன்னேன்? வந்து பாரு. சக்கரம் நிக்கவே இல்ல."

சித்தி பார்த்தார். வீட்டுக்காரர் பார்த்தார். நானும் பார்த்தேன். சின்னவன் மேட்டின் நடுவில் ஓர் அங்குலம் நகராமல் இருந்தான். ரப்பர் வளையம் இரண்டும் ஊதிக் கழன்று, அவன் பக்கத்தில் கிடந்தன. ஆனால் எண்ணெயில் மிதந்துகொண்டு ஆறு சக்கரமும் பம்பரமாகச் சுற்றின. அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு வேகமாக அவை சுற்றியதில்லை.

"இது அநியாயம்" என்றார் சித்தி. "எங்கயும் போகலையே!"

"போகணும்னு யார் சொன்னா? சுத்தணும்னுதான் சொன்னேன்."

"தம்பி, நீ டிகிரி படிச்சவன்" என்று வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ சொல்லு. சக்கரம் நின்னுச்சா, சுத்துதா?"

எங்கள் வம்சத்தில் யாரிடமும் யாரும் தீர்ப்புக் கேட்டதில்லை. சட்டையை இழுத்து விட்டுக்கொண்டேன். இன்னொரு முறை குனிந்து, வேண்டிய நேரம் எடுத்துப் பார்த்தேன்.

"சுத்துது" என்றேன்.

"படிச்சவன் சொல்லிட்டான்" என்றார் அக்கா.

சித்தி என்னை முறைத்தார். அக்காவை முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்கெல்லாம் நல்ல டாக்டரா பாத்துச் சொல்றேன்" என்று காரில் ஏறிப் போய்விட்டார். அக்காவின் பெட்டி டிக்கியில் இருந்ததை யாரும் நினைக்கவில்லை. அது மட்டும் தனியாகத் தங்கை வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தது.

அன்றே பராமரிப்பு நடந்தது. பேப்பர் விரித்து, பஞ்சுப் பள்ளத்தில் சின்னவனை மல்லாத்தி, மேஜையின் இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் அக்காவும் உட்கார்ந்தார்கள். அவர் திருகுகளைக் கழற்ற, அக்கா தையல் பிரிக்கிற ஊசியால் அச்சுகளில் இருந்த கறுப்புத் தாடியை இழுத்து இழுத்து எடுத்தார். வந்துகொண்டே இருந்தது. ஸ்பிரிட் தீர்ந்து, நான் போய் இன்னொரு குப்பி வாங்கி வந்தேன். புது ரப்பர் வளையத்தை மாட்டும்போது அவர் திரும்பத் திரும்ப நழுவவிட, அக்கா பிடுங்கி ஒரே இழுப்பில் மாட்டினார். வாய் மட்டும் ஓயவில்லை. ஒவ்வொரு பல்சக்கரத்துக்கும் ஒரு பழைய சண்டை வெளியே வந்தது. சண்டை கணக்கில் வராது என்பதால் இரண்டு பேருக்கும் தாராளமாக நேரம் இருந்தது.

கடைசியில் எண்ணெய். அவர் ஊசியின் காதைக் குப்பியில் தோய்த்தார். ஒரு கணம் யோசித்து, ஊசியை அக்காவிடம் நீட்டினார்.

"நீயே வை. ஒரு சொட்டு."

அக்கா வாங்கிக்கொண்டார். வாய் மூடியது. ஊசியைப் பிடித்து, மூச்சை அடக்கி, அவரைப் போலவே அச்சை நோக்கி இறக்கினார். ஊசிக் காதில் சொட்டு நின்று மின்னியது. வீட்டுக்காரர் இன்னும் நன்றாகப் பார்க்க முன்னால் குனிந்தார்.

சொட்டு விழுந்தது. அச்சில் அல்ல. அவருடைய வெள்ளைச் சட்டையில், சரியாக மார்புப் பக்கம்.

மூன்று பேரும் அதைப் பார்த்தோம். பேப்பரில் குப்பி இருந்தது, அவர் பக்கம். ஊசி இருந்தது, அக்கா கையில். அவர் கையிலும் எண்ணெய், அக்கா கையிலும் எண்ணெய்.

அக்கா ஊசியைக் கீழே வைத்தார். கையைக் கட்டிக்கொண்டார். ஜன்னலைப் பார்த்தார்.

"சின்னவனே, உங்கப்பாகிட்ட சொல்லு. அது என் சொட்டு இல்ல."

சின்னவன் மல்லாந்து கிடந்தான். மூடி ஒரு பக்கம், மோட்டார் ஒரு பக்கம், சக்கரங்கள் ஒரு தட்டில். எதிரே உட்கார்ந்திருந்தவர் எதுவும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, திருகுகளைத் தேடி எடுத்து, பதில் சொல்லியாக வேண்டிய அவசரத்தில், என்ஜினை வேக வேகமாகப் பூட்ட ஆரம்பித்தார்.